மூன்று கரையில் மூன்று பாடம் வேண்டாம், தங்கச்சி

கேள்வி: திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். வயது 26, வங்கியில் வேலை. ஓகஸ்டில் 5 நாள் லீவு எடுத்து, 17 வயதுத் தம்பியோடு கரையோரமாக ஒரு பயணம் போக இருக்கிறேன். நிலாவெளியில் ஒரு சேர்ஃபிங் பாடம், அதாவது பலகையில் நின்று அலையில் சறுக்கும் பாடம், பாசிக்குடாவில் ஒன்று, அறுகம்பையில் ஒன்று என்பது திட்டம். இன்னும் 8 கிழமை இருக்கிறது. உப்புவெளியில் குளித்துப் பழக்கம். நெஞ்சளவு தண்ணீரில் 25 மீற்றர் நீந்துவேன், ஆழத்துக்குப் போனதில்லை. தம்பி நன்றாக நீந்துவான். எனக்குக் கண்ணாடி மைனஸ் 3. "ஒரே பாடத்தில் நிற்க வைப்போம்" என்று ஒரு விளம்பரம் பார்த்தேன், அது நடக்குமா? எதைப் பார்த்து ஆளைத் தெரிவுசெய்வது? என்ன உடுப்பது? அம்மா 2004 சுனாமியைச் சொல்லி மறிக்கிறா. தம்பியோ சொந்தமாகப் பலகை வாங்க வேண்டும் என்று நிற்கிறான். பெயர் போடவேண்டாம்.

பதில்: தங்கச்சி, பயணம் நல்ல யோசனை, பாடத் திட்டம்தான் சரியில்லை. மூன்று பாடத்தையும் அறுகம்பையிலேயே, அடுத்தடுத்த மூன்று காலைகளில் வையுங்கள். ஓகஸ்டில் நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் சேர்ஃபிங் படிக்கும் அளவுக்கு அலை இராது. அங்கே பலகையில் படுத்து, கையைத் துடுப்பாக்கி வலித்துப் போவதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

ஏன் இராது என்றால், சேர்ஃபிங்குக்கு உதவும் அலை நம்முடைய கரையில் அடிக்கும் காற்றால் எழுவதில்லை. இந்து சமுத்திரத்தின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் எழும் புயல்கள் கிளப்பிவிடும் நீண்ட அலை வடக்கே ஓடிவந்து, இலங்கையின் தெற்கு, தென்கிழக்குக் கரையில் முட்டுகிறது. அறுகம்பையும் பாணமையும் அந்த மூலைக்குக் கிட்ட இருக்கின்றன. அலை அங்குள்ள முனைகளைச் சுற்றி வளைந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாக ஒழுங்காக உடைகிறது. திருகோணமலைக் கரை வடகிழக்கைப் பார்த்தது. தெற்கிலிருந்து வரும் அலை தீவின் தோளைச் சுற்றித்தான் இங்கே வரவேண்டும், அதற்குள் பலம் போய்விடும். பாசிக்குடாவோ பாறைத்திட்டு மறைப்புக்குள் கிடக்கும் ஆழமில்லாத குடா. வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவுதான் என்பதால் அது குளிக்கச் சோக்கான இடம், அலைக்கு அல்ல.

வாடைக் காலத்தில் திருகோணமலையிலும் அலை எழும்பும். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை உப்புவெளிக் கரையில் அது அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் பக்கத்துக் காற்றால் எழும் குழம்பிய அலை அது. கரைக்கு மிகக் கிட்ட வந்து ஒரேயடியாகக் கவிழ்ந்து விழும், கடலுக்கு இழுக்கும் நீரோட்டமும் கூடும். படிப்பவருக்கு அது ஆகாது. அந்த மாதங்களில்தான் லீவு கிடைக்கும் என்றால் தெற்கே வெலிகம குடாவுக்குப் போங்கள். அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை காலம் நல்லது, அடியும் மணல்.

சரி, 8 கிழமை இருக்கிறது. இந்த 8 கிழமைக்கு உப்புவெளியின் தட்டைக் கடலை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பாடக் காசில் பாதி, வீட்டுக்குப் பக்கத்திலேயே பழகியிருக்கக்கூடிய விஷயங்களுக்குத்தான் போகிறது.

முதலில் நீச்சல். இடுப்பளவுத் தண்ணீரில்தானே பாடம், நீச்சல் எதற்கு என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்கவேண்டாம். அலை உங்களைத் தூக்கிப் பத்து எட்டு அப்பால் போடும், அங்கே மணல் குழிந்திருந்தால் கால் எட்டாது. கால் எட்டாத அந்த நேரத்தில் பதறாமல் இருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. தரையில் கால் ஊன்றாமல் 200 மீற்றர் நீந்தவேண்டும், 5 நிமிடம் மல்லாந்து மிதக்கவேண்டும், நிமிர்ந்தபடி கைகால் அசைத்து 2 நிமிடம் தலையை மேலே வைத்திருக்கவேண்டும். வேகம் முக்கியமில்லை. கரையில் சாதாரண நடையில் 130, 140 எட்டு நடந்தால் ஏறக்குறைய 100 மீற்றர். இரண்டு முனையிலும் ஒரு தடி நட்டுவிட்டு, நெஞ்சளவு ஆழத்தில் கரைக்குச் சமாந்தரமாகப் போய்த் திரும்புங்கள். கிழமைக்கு 3 நாள் போதும். தம்பி கூடவே நீந்தட்டும், கரையில் நின்று ஃபோன் பார்க்கவேண்டாம். 25 மீற்றரில் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் குறை கையில் இல்லை, மூச்சில். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருக்கும்போது மூச்சை அடக்கி வைத்துவிட்டு, தலையைத் தூக்கிய பிறகு விடவும் எடுக்கவும் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நேரம் காணாது. தண்ணீருக்குள்ளேயே மூக்காலும் வாயாலும் மெல்ல ஊதிவிடுங்கள், தலை திரும்பும்போது எடுக்கும் வேலை மட்டும் மிஞ்சும். இது பிடிபட்டால் 25 இலிருந்து 100 க்குப் போக அதிக நாள் எடுக்காது.

ஓகஸ்டில் 200 வந்துவிட்டால் நல்லது. 100 தான் வருகிறது என்றால் ஒருவருக்கு ஒருவராகப் பாடம் எடுத்து, இடுப்பளவுக்கு வெளியே போகாதீர்கள். அதற்கும் குறைவென்றால் தம்பி மட்டும் படிக்கட்டும். அலை அடுத்த வருடமும் வரும்.

நீந்தும் இடத்தைப் பற்றி மூன்று எச்சரிக்கை. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பலமாக அடிக்கும் நாளில் காற்று தரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். கடல் குளம் மாதிரித் தெரியும், ஆனால் ரியூப்பிலோ காற்றடைத்த மெத்தையிலோ படுத்திருப்பவர் தெரியாமலே வெளியே போய்விடுவார். அந்த நாட்களில் மிதக்கும் சாமான் எதையும் கொண்டு இறங்கவேண்டாம். இரண்டாவது, காலையில் கரைவலை இழுக்கும் இடம். கரையில் இரண்டு பக்கமாக ஆட்கள் கயிறு இழுப்பார்கள். அந்த இரண்டு கயிற்றுக்கும் இடையில் நீந்தக்கூடாது. மூன்றாவது, நிலாவெளியில் புறாத்தீவுக்குப் போகும் படகுப் பாதை. நீந்தும் தலை படகோட்டிக்கு இலகுவில் தெரியாது. புறாத்தீவிலேயே பழகலாமா என்று தம்பி கேட்பான். அது 2003 முதல் தேசிய பூங்கா, அடியில் முருகைக்கல். அலையும் இல்லை, காலும் கிழியும்.

அடுத்தது, படுத்த நிலையிலிருந்து எழும்புவது. சேர்ஃபிங்காரர் 'பொப் அப்' என்பார்கள். இதற்குக் கடலே தேவையில்லை. வீட்டில் ஒரு பாயை விரித்து, நடுவில் நீளமாக ஒரு நூல் போடுங்கள், அதுதான் பலகையின் நடுக்கோடு. குப்புறப் படுத்து, தொப்புள் கோட்டில் இருக்கும்படி உடம்பை நேராக வையுங்கள். கால் இரண்டும் சேர்ந்திருக்கட்டும். உள்ளங்கை இரண்டையும் கடைசி விலாவுக்குப் பக்கத்தில், தரையில் விரித்து ஊன்றுங்கள். பாயின் ஓரத்தைப் பிடிக்கக்கூடாது. பலகையின் ஓரத்தைப் பிடித்து எழும்பினால் பலகை அந்தப் பக்கம் சரியும், பிறகு அதை மறக்கடிக்க இரண்டு நாள் வேண்டும். கை நிமிர நெஞ்சைத் தூக்குங்கள், பார்வை முன் சுவரில். பிறகு பின்காலை மடக்கிப் பக்கவாட்டாகக் கோட்டின் மேல் வையுங்கள். முன்காலை இரண்டு கைக்கும் நடுவில் கொண்டுவாருங்கள். அதன் பிறகுதான் கையை எடுக்கவேண்டும். நின்ற பிறகும் முழங்கால் மடிந்தே இருக்கவேண்டும், இரண்டு பாதத்துக்கும் இடையில் தோள் அகலத்துக்குச் சற்றுக் கூட, இரண்டு பாதத்தின் நடுவும் அந்த நூலின் மேல்.

முழங்காலில் ஊன்றி எழும்புவது சுகமாக இருக்கும். பாயில் அது சரிவரும், பலகையில் வராது. முழங்கால் ஊன்றிய கணத்தில் பாரம் ஒரு புள்ளியில் குவிந்து பலகை ஆடும், அதிலிருந்து எழும்புவதற்குள் அலை முடிந்துவிடும். எந்தக் கால் முன்னுக்கு என்பதற்குப் பல சோதனைகள் சொல்வார்கள். சீமெந்துத் தரையில் காலுறை போட்டு ஓடிச் சறுக்கிப் பாருங்கள், எந்தக் காலை முன்னுக்கு விட்டுச் சறுக்குகிறீர்களோ அதுதான். நிச்சயமில்லை என்றால் பாயில் இரண்டையும் 10 தரம் செய்து, தடுமாற்றம் குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 20 தரம், மெதுவாக ஆனால் ஒரே வரிசையில். கடலில் யோசிக்க நேரம் கிடைக்காது என்பதால் வரிசை உடம்பில் ஊறியிருக்கவேண்டும்.

இனி விளம்பரம். "ஒரே பாடத்தில் நிற்க வைப்போம்" என்பது பொய் இல்லை. மெத்தென்ற மேல்தோல் கொண்ட 9 அடி நுரைப் பலகை ஒன்றில் உங்களைப் படுக்கவைத்து, உடைந்து வரும் வெள்ளை நுரைக்குச் சரியான நேரத்தில் பின்னாலிருந்து தள்ளி, "அப்!" என்று கத்தினால் பெரும்பாலானவர்கள் மூன்று செக்கன் நின்றுவிடுவார்கள், படமும் எடுக்கலாம். அலையைப் பார்த்தவர் அவர், நேரம் கணித்தவர் அவர், வேகம் கொடுத்தவரும் அவர். நீங்கள் எழும்பியது மட்டும்தான். அதில் தப்பில்லை, முதல் நாளில் அது வேண்டும். ஆனால் மூன்று இடத்தில் மூன்று வேறு ஆட்களிடம் ஒவ்வொரு பாடம் எடுத்தால் மூன்று தரமும் இதே முதல் பாடத்தைத்தான் எடுப்பீர்கள். மூன்று நாளும் ஒரே ஆளிடம் என்றால், உங்கள் பிழை என்ன என்று இரண்டாம் நாள் அவருக்குத் தெரிந்திருக்கும்.

முதல் நாள் இப்படிப் போகவேண்டும். கரையில் ஒரு 20, 30 நிமிடம், பிறகு இடுப்பளவுத் தண்ணீர். முதல் சில அலைகளில் எழும்பவே வேண்டாம், படுத்தபடியே கரைவரை போய், பின்னுக்குச் சறுக்கிப் பலகையை நிறுத்தப் பழகுங்கள். படுக்கும் இடம் சரியா என்பது அதிலேயே தெரிந்துவிடும். மிகவும் முன்னுக்குப் படுத்தால் பலகையின் மூக்கு, அதாவது முன்நுனி, தண்ணீரில் குத்தி நீங்கள் தலைகீழாகப் போவீர்கள். மிகவும் பின்னுக்கென்றால் மூக்கு வானம் பார்க்கும், பலகை வேகம் எடுக்காது, நுரை உங்களைத் தாண்டி ஓடிவிடும். தட்டையான தண்ணீரில் படுத்திருக்கும்போது பலகையின் மூக்கு நாலு விரல் அளவு மேலே நிற்கவேண்டும். அந்த நிலையில் உங்கள் நாடி பலகையில் எந்த இடத்துக்கு நேரே வருகிறது என்று பார்த்து, அங்கே மெழுகால் ஒரு கோடு கீறி வையுங்கள். ஒவ்வொரு தரமும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் நுரையில் எழும்புவது. இங்கே எல்லோரும் விடும் பிழை ஒன்றுதான்: காலைப் பார்ப்பது. தலை குனிந்தால் பாரம் முன்னுக்குப் போகும், பலகை மூக்கால் குத்தும். கரையில் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டே எழும்புங்கள். நின்றவுடன் நிமிர்ந்துவிடுவது அடுத்த பிழை, சந்தோஷத்தில் வருவது. நிமிர்ந்தால் விழுவீர்கள்.

மூன்றாம் நாள், "இன்று தள்ளவேண்டாம்" என்று நீங்களே சொல்லுங்கள். நுரை வருவதைத் திரும்பிப் பார்த்து, அது உங்களிடம் வருவதற்கு முன் 5, 6 தரம் பலமாகக் கை வலித்து, அது பலகையைத் தூக்குவதை உணர்ந்த பிறகும் இன்னும் 2 தரம் வலித்துவிட்டு எழும்பவேண்டும். அந்தக் கடைசி இரண்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அன்றைக்கு நிற்கும் தடவைகள் முதல் நாளை விடக் குறையும், அதற்காக மனம் விடவேண்டாம். உடையாத பச்சை அலை இந்தப் பயணத்தில் வேண்டாம். தம்பிக்கு ஒருவேளை மூன்றாம் நாள் கிடைக்கலாம்.

இதை எல்லாம் விட முந்திப் பழகவேண்டியது விழுவது. முதல் நாளில் நிற்பதை விட விழுவதுதான் அதிகம். ஆழம் எவ்வளவு என்று தெரியாமல் தலைகீழாகப் பாயக்கூடாது. பக்கவாட்டாகவோ பின்னுக்கோ, உடம்பை விரித்துத் தட்டையாக விழுங்கள். தண்ணீருக்குள் போனதும் இரண்டு கையாலும் தலையைச் சுற்றி மறையுங்கள், மேலே வரும்போது ஒரு கை தலைக்கு மேலே நீட்டியிருக்கட்டும். பலகை எங்கே மிதக்கிறது என்று தெரியாமல் தலையைத் தூக்குபவர்களுக்குத்தான் நெற்றி உடைகிறது. பலகையோடு நடந்து போகும்போது அதை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் குறுக்கே பிடிக்கக்கூடாது. உங்களுக்குப் பக்கத்தில், மூக்குக் கடலைப் பார்க்க இருக்கவேண்டும். குறுக்கே பிடித்திருக்கும்போது நுரை வந்தால் அந்தப் பலகை நேரே வயிற்றிலோ பல்லிலோ வரும். காலில் கட்டும் கயிறு, அதாவது லீஷ், பின்காலின் கணுக்காலில். அதைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது, பலகை இழுபட்டால் விரல் போய்விடும். லீஷும் பலகையும் சேர்ந்தால் 5 மீற்றர் வரும், ஆகவே அடுத்தவருக்கும் உங்களுக்கும் அதற்கு மேல் இடைவெளி வையுங்கள்.

ஆளைத் தெரிவுசெய்வது பற்றி. புறப்படுவதற்கு முன் ஃபோன் எடுத்துச் சில கேள்விகள் கேளுங்கள். தண்ணீருக்குள் ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? நாலு பேருக்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். உங்களுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒருவர் என்றால் மிக நல்லது. சர்வதேச சேர்ஃபிங் சங்கமான ஐ.எஸ்.ஏ.யின் பயிற்றுநர் சான்றிதழ் இருக்கிறதா, அதைவிட முக்கியமாக உயிர்காப்புச் சான்றிதழ் இருக்கிறதா? எந்த இடத்தில் படிப்பிப்பீர்கள்? இதற்கு "காலையில் கடலைப் பார்த்துத்தான் சொல்வேன்" என்பது நல்ல பதில். கடல் சரியில்லை என்றால் பாடத்தைத் தள்ளிவைப்பீர்களா, காசு என்னாகும்? பலகை 8 அடிக்குக் குறையாத நுரைப் பலகைதானா, அடியில் மீன் செட்டை மாதிரி உள்ள துடுப்பு ரப்பரா? உங்கள் நிறை 60 கிலோவுக்குள் என்றால் 8 அடி சரி, அதற்கு மேல் 9 அடி. தம்பி சின்னப் பலகை கேட்பான், ஸ்டைலாக இருக்கும் என்று. கொடுக்கவேண்டாம். சின்னப் பலகை மிதப்புக் குறைவு, வேகம் எடுக்க அலை செங்குத்தாக வேண்டும், தொடக்கக்காரருக்கு அதில் மூன்று நாளும் வீண்.

விலையை ரூபாயில், எத்தனை மணித்தியாலத்துக்கு, பலகையும் மேலாடையும் சேர்த்தா என்று முன்னரே பேசிக்கொள்ளுங்கள். ஒன்றரை முதல் 2 மணித்தியாலம் சரியான அளவு. அதற்கு மேல் தோள் ஓடாது. 18 வயதுக்குக் கீழ் என்பதால் தம்பிக்கு அம்மாவோ அப்பாவோ எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைக் கொண்டுபோங்கள். பொத்துவில் பக்கத்து ஆசிரியர்களில் தமிழ் பேசுபவர்கள் நிறையப் பேர். தமிழில் பாடம் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அலைச் சத்தத்தில் அரைகுறையாக விளங்கிய இங்கிலிஷ் உதவாது. அங்கே வந்து வாடகைப் பலகை எடுப்பதென்றால், எடுப்பதற்கு முன்னரே இரண்டு பக்கத்தையும் ஓரத்தையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். பழைய வெடிப்புக்கு உங்களிடம் காசு கேட்கும் சண்டை வராது.

இடங்களைப் பொறுத்தவரை, அறுகம்பையின் பெரிய முனை, மெயின் பொயின்ற், உங்களுக்கு இல்லை. அடியில் பாறை, அலை வேகம், கூட்டம். அதே ஊரில் உட்பக்கமாக இருக்கும் பேபி பொயின்ற், பொத்துவிலுக்கு வடக்கே விஸ்கி பொயின்ற், தெற்கே பீனட் ஃபாமின் சிறிய அலை ஆகியவைதான் படிப்பவர்களின் இடங்கள். எது என்பதை ஆசிரியர் அன்றன்று தீர்மானிக்கட்டும். பாணமைப் பக்கம் போனால் களப்பு முகத்துவாரங்களில் இறங்கவேண்டாம், முதலை உண்டு. பொழுதுபட முன் திரும்பிவிடுங்கள், அந்த வீதியில் யானை நடமாட்டம். பாடத்தைக் காலை 6.30 அளவில் வையுங்கள். முற்பகல் பிந்தினால் காற்று எழும்பி அலை குழம்பும், வெயிலும் சுடும். முந்தின நாள் இரவு வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையைப் பாருங்கள். பொத்துவில் கடலைக் குறிப்பிடும் வரிதான் உங்களுக்குரியது.

ஒரு நீரோட்டத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். ஆசிரியர்கள் 'ரிப்' என்பார்கள். கரையில் வந்து குவிந்த தண்ணீர் ஒரு ஒடுங்கிய வாய்க்காலாகத் திரும்பிக் கடலுக்குப் போகும் இடம் அது. இரண்டு பக்கமும் அலை உடையும், நடுவில் மட்டும் உடையாமல் கருத்துத் தெரியும், நுரையும் மண்ணும் வெளியே நகரும். புதியவர்கள் "இங்கே அலை இல்லை, அமைதி" என்று சரியாக அந்த இடத்தில்தான் இறங்குவார்கள். அகப்பட்டால் பலகையை விடவேண்டாம், அதன் மேல் படுத்துவிடுங்கள். நேரே கரைக்கு வலிக்காதீர்கள், கை சோர்ந்துவிடும். கரைக்குச் சமாந்தரமாக, அலை உடையும் பக்கமாக வலியுங்கள். முடியவில்லை என்றால் ஒரு கையைத் தூக்கி ஆட்டிவிட்டு மிதந்துகொண்டே இருங்கள். பலகையில் கிடப்பவர் தாழமாட்டார்.

கண்ணாடியைக் கரையில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். கொன்ராக்ட் லென்ஸோடு கடலுக்குள் போவதைக் கண் வைத்தியர்கள் விரும்புவதில்லை. தண்ணீரில் உள்ள கிருமி லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் தங்கிவிடும். நுரையில் பழகும் மூன்று நாளுக்கு மைனஸ் 3 பெரிய தடை இல்லை. ஆனால் இரண்டு காரியம் செய்யுங்கள். தெளிவாகத் தெரியாது என்று ஆசிரியரிடம் முதலே சொல்லி, "வா", "நில்", "கரைக்குப் போ" மூன்றுக்கும் கையை முழுதாக நீட்டிக் காட்டும் சைகை பேசிக்கொள்ளுங்கள். நீரோட்டம் உங்களைப் பக்கமாக நகர்த்தும், அதைக் கண்டுபிடிக்கக் கரையில் ஒரு அடையாளம் வேண்டும். கண்ணாடி இல்லாமலே தெரியும் பெரிய பொருளாகப் பாருங்கள், நீலக் கூரையோ சிவப்புக் குடையோ. ஒவ்வொரு அலைக்குப் பிறகும் அதற்கு நேரே வந்து நில்லுங்கள்.

உடுப்பில் தயங்க ஒன்றுமில்லை, மூடி உடுப்பதுதான் இங்கே கெட்டித்தனம். நீளக் கை வைத்த இறுக்கமான நீச்சல் மேலாடை, கணுக்கால் வரை லெகிங்ஸ். நுரைப் பலகை வெறும் தோலில் உரசினால் வயிறும் முழங்காலும் ஒரே காலையில் சிவந்து எரியும். வெயிலுக்கும் அதுதான் காவல். தலை மூடுவதென்றால் தலையோடு ஒட்டிய நீச்சல் ஹிஜாப் அல்லது தொப்பி. ஊசி குத்திய சால்வை வேண்டாம். பருத்திச் சட்டை தண்ணீர் குடித்துப் பாரமாகும். சங்கிலி, காப்பு, தோடு எல்லாம் கழற்றிவிடுங்கள், தலைமயிரைக் கீழே தாழ்வாகப் பின்னுங்கள், கிளிப் வேண்டாம். முந்தின நாள் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கவும் வேண்டாம். அது வழிந்து கண்ணில் எரியும், பலகையில் பட்டால் கால் நிற்காது. முகத்துக்குச் சிங்க் கலந்த சன்ஸ்கிரீன் 20 நிமிடம் முந்திப் பூசி, உள்ளங்கையை மணலால் தேய்த்துவிடுங்கள். அறுகம்பையில் 2018 இல் பெண்களே தொடங்கிய சேர்ஃபிங் கழகம் ஒன்று இருக்கிறது, இலங்கையில் பெண்களுக்கென்று அமைந்த முதலாவது. நீளக் கையோடும் லெகிங்ஸோடும் அங்கே நீங்கள் தனித்துத் தெரியமாட்டீர்கள்.

அம்மாவின் விஷயம். 2004 டிசம்பர் 26 ஐப் பார்த்த ஒருவரிடம் "அது வேறு, இது வேறு" என்று வாதாடுவது பிழை. அவவுக்கு விவரம் கொடுங்கள். எந்தக் கரை, எத்தனை மணிக்கு இறங்குவோம், எத்தனை மணிக்கு ஏறுவோம், எவ்வளவு ஆழம், ஆசிரியரின் பெயரும் ஃபோன் நம்பரும், ஏறியவுடன் எடுக்கும் ஒரு அழைப்பு. ஒரு நாள் உப்புவெளிக்குக் கூட்டிக்கொண்டு போய் உங்கள் 200 மீற்றரைக் காட்டுங்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் உண்டு, பொத்துவிலில் ஆதார வைத்தியசாலை உண்டு. இதையும் அவவிடம் சொல்லிவையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் வேண்டாம் என்றால், அதை உங்கள் வீட்டுக்குள் நீங்கள்தான் பேசித் தீர்க்கவேண்டும்.

பயணத்துக்கு 5 நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் விடியவே புறப்பட்டு, கிண்ணியாப் பாலம், மூதூர், வெருகல், வாகரை வழியே மட்டக்களப்பு, அங்கிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில். மொத்தம் ஏறக்குறைய 240 கிலோமீற்றர். பஸ் மாறி மாறிப் போவதென்றால் பகல் முழுதும் எடுக்கும், அன்று கடலில் இறங்க நினைக்கவேண்டாம். பொத்துவிலிலிருந்து ஓட்டோ. இரண்டாம், மூன்றாம், நாலாம் நாள் காலை பாடம். பாடத்துக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன் ஒரு வாழைப்பழமும் பாணும் போதும், பிட்டும் கறியும் பிறகு. பின்னேரம் ஓய்வு. இரண்டாம் தரம் இறங்க மனம் கேட்கும், ஆனால் சோர்ந்த தோளோடு இறங்கும்போதுதான் அடிபடும். 5 ஆம் நாள் திரும்பும் வழியில் பாசிக்குடாவில் இறங்கி ஒரு மணித்தியாலம் சும்மா மிதந்துவிட்டு வாருங்கள். நொந்த தோளுக்கு அந்த ஆழமில்லாத தண்ணீர் சுகம்.

தம்பியின் பலகை ஆசைக்கு: இப்போது வாங்கவேண்டாம். மூன்று பாடத்துக்குள் எந்த நீளம் தனக்குச் சரி என்று யாருக்கும் தெரியாது. வாங்கினாலும் வருடத்தில் பெரும்பகுதி அது உவர்மலை வீட்டுச் சுவரில்தான் சாய்ந்திருக்கும். அடுத்த வருடமும் போய் இன்னும் ஒரு கிழமை படித்து, தள்ளாமலே அலை பிடிக்கிறான் என்றால் அப்போது பாவித்த 8 அடி நுரைப் பலகை ஒன்றைப் பார்க்கலாம். சீசன் முடியும் செப்டெம்பர், ஒக்டோபரில் வாடகைக்கு விடுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாங்க முன் பலகையை நடுவில் அமத்திப் பாருங்கள். தண்ணீர் கசிந்தாலோ மேல்தோல் உப்பிக் கழன்றிருந்தாலோ எடுக்கவேண்டாம். அதைத் திருகோணமலைக்குக் கொண்டுவர வான் பிடிக்கவேண்டி வரும், அந்தக் காசையும் விலையோடு கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.